பசுமை வீடு கட்டுகிறீர்களா? எதையும் மூடுவதற்கு முன் பாருங்கள்

வெயில் உள்ளே இறங்காத, மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் வீடு வேண்டும் என்று தனியாக வரைபடம் போட்டுக் கட்டுகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். வெப்பக்காப்புப் பலகை மொட்டைமாடி ஓட்டுக்கு அடியில் இருக்கும். தனித்தனிக் கழிவுநீர்க் குழாய்கள் தரைக்குக் கீழே போகும். சோலார் வயருக்கான குழாய் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். மூடிய பிறகு அது சரியாக இருக்கிறதா, ஏன் இருக்கிறதா என்பதைக்கூட உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள். அடுத்து எது மூடப்படப் போகிறது என்று கேளுங்கள். பார்ப்பது, படம் எடுப்பது, பணம் கொடுப்பது மூன்றும் அந்தக் கேள்வியை ஒட்டியே நடக்கட்டும்.

1. வரைபடம் முடியும் முன் முடிவாக வேண்டியவை

வெப்பமான ஊரில் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தபடி இருப்பது நல்லது. காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக வருவதால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடு பெரிதாக உதவாது. அந்தப் பக்கங்களில் ஜன்னலைக் குறைத்து, குளியலறை, படிக்கட்டு, சாமான் அறை போன்றவற்றை மேற்கே தள்ளுங்கள். குளிரான ஊரில் கணக்கு மாறும்: நிலநடுக்கோட்டைப் பார்க்கும் பக்கத்தில் பெரிய ஜன்னல் வைத்தால், தாழ்வாக வரும் குளிர்கால வெயில் அறைக்குள் விழும்.

சோலார் பேனல், மேல்நிலைத் தொட்டி, மழைநீர்த் தொட்டி, மறுபயன்பாட்டு நீர், ஏசிக் குழாய், மின்வாகன சார்ஜர் ஆகியவற்றில் எதெது வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கம்பிக் கணக்குப் போடுவதற்கு முன்பே அவரிடம் எழுத்தில் கொடுங்கள். 2,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 2 டன். பேனலின் எடை அவ்வளவு பெரிய விஷயமில்லை. காற்று அதைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்ப்பதுதான் விஷயம். பேனல்கள் மட்டும் ஒரு கிலோவாட்டுக்கு 5 முதல் 6 சதுர மீட்டர் இடம் கேட்கும். நடைவழி, இடைவெளி எல்லாம் சேர்த்தால் 8 முதல் 10 வரை போகும். தொட்டியோ படிக்கட்டு அறையோ பேனலின் வெயில் வரும் பக்கத்தில் நின்றால் அதன் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். இதைத் தாளில் மாற்றச் செலவில்லை, கட்டிய பிறகு மாற்ற வழியே இல்லை.

2. ஒப்பந்தமும் பணமும்

அரசு ஒப்புதலுக்குப் போடும் வரைபடம் வேறு, வேலைக்கான வரைபடம் வேறு. ஒப்புதல் வரைபடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க விடாதீர்கள். கம்பி விவரம், குழாய் வழி, மின் வழி, கதவு ஜன்னல் அட்டவணை, மொட்டைமாடியில் எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று காட்டும் வெட்டுத் தோற்றம் ஆகிய ஐந்தும் கையெழுத்தோடு வந்தபின் விலை கேளுங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும் ஒப்பந்தத்தில் முதலில் காணாமல் போவது பசுமை வேலைகள்தான். காரணம் எளிது: அவை இல்லாவிட்டாலும் வீடு வீடு மாதிரியே தெரியும். அளவுப் பட்டியல் வாங்குங்கள். அதில் ‘வெப்பக்காப்பு போடப்படும்’ என்ற வரி பயன்படாது. ‘50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) பலகை, கான்கிரீட் தளத்துக்கு மேல், இணைப்புகள் நெருக்கமாக, இத்தனை சதுர மீட்டர்’ என்று பொருள், கனம், இடம், அளவு நான்கும் இருக்க வேண்டும். ‘அல்லது அதற்கு இணையான பொருள்’ என்ற சொற்களைப் பார்த்தால், இணை என்று யார் முடிவு செய்வது என்பதையும் பக்கத்திலேயே எழுத வையுங்கள்.

முன்பணம் சிறியதாக இருக்கட்டும். மீதி ஒவ்வொரு தவணையும் ஒரு சோதனை முடிந்ததோடு கட்டப்பட்டிருக்கட்டும்: தளம் போட்டதற்கல்ல, 28 நாள் கான்கிரீட் சோதனை முடிவு வந்ததற்கு; குழாய் பதித்ததற்கல்ல, அழுத்தச் சோதனை தாங்கியதற்கு. மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதத்தை ஓராண்டுக்கு நிறுத்தி வைப்பது வழக்கமான நிபந்தனைதான், கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் கணக்கில் 10 முதல் 15 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். நடுவில் வரும் எந்த மாற்றத்துக்கும் விலையும் கூடுதல் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே வேலை தொடங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன மாற்றங்கள் எல்லாம் கடைசி பில்லில் ஒன்றாக வந்து நிற்கும்.

3. மண்ணும் கடைக்காலும்

பக்கத்து மனையின் மண் பரிசோதனை அறிக்கை உங்களுக்கு ஆகாது. உங்கள் மனையிலேயே துளையிட்டு எடுத்த அறிக்கையில் தாங்குதிறன், பரிந்துரைக்கும் ஆழம், நிலத்தடி நீர்மட்டம், மண்ணில் உள்ள சல்பேட் அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தோண்டத் தொடங்கும்போது மேல்மண்ணை 15 முதல் 20 செ.மீ. வரை தனியாக வழித்து ஓர் ஓரத்தில் குவித்து வையுங்கள். செடி வளர்வது அந்த மண்ணில்தான். அடியிலிருந்து வரும் மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு வெளியிலிருந்து வாங்க வேண்டிவரும்.

இங்கே மூடப்படுவது மூன்று முறை. கடைக்கால் கான்கிரீட்டுக்கு முன், கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் 50 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மண் நிரப்பும்போது 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசு போட வேண்டும். லாரியோடு கொட்டி மட்டம் செய்தால் பின்னால் தரை இறங்கி டைல்ஸ் விரியும். பேஸ்மட்டக் கான்கிரீட்டுக்கு முன், தண்ணீர், கழிவுநீர், மின்கேபிள், மழைநீர் ஒவ்வொன்றுக்கும் பீமுக்குள் தனிக் குழாய்த் துண்டு வைத்தாயிற்றா என்று எண்ணுங்கள். உபரியாக ஒன்றிரண்டு போட்டு மூடி வையுங்கள். முடிந்த பீமை யாரும் வெட்டக்கூடாது. கரையான் தடுப்பும் இந்தக் கட்டத்தில்தான். ரசாயனம் வேண்டாம் என்றால் துருப்பிடிக்காத நுண்கம்பி வலை போன்ற தடுப்புகளை இப்போதே பதிக்க வேண்டும்.

4. கம்பியும் கான்கிரீட்டும்

கம்பி எடையைச் சரிபார்க்க ஒரு சூத்திரம் போதும்: மி.மீ. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ. சில சதவீத வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் இறக்க விடாதீர்கள். ஆலைச் சோதனைச் சான்றில் உள்ள எண்ணும் கட்டில் தொங்கும் அட்டையின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்ததும் சென்ட்ரிங் மீது ஏறிக் குனிந்து பாருங்கள். அடிக்கம்பிக்குக் கீழே, அதைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் இருக்க வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டைச் செருகி வைப்பார்கள்; அது நகர்ந்துவிடும், கம்பி பலகையைத் தொட்டுவிடும், சில ஆண்டுகளில் துருவேறி அந்த இடத்தில் கான்கிரீட் பெயரும். பீம் மேல் வரும் மேல்கம்பிகளை ஆட்கள் மிதித்துக்கொண்டே நடப்பதால் அவை கீழே படுத்துவிடும். அவற்றைத் தூக்கிப் பிடிக்க வளைத்த கம்பி முக்காலிகள் ஒரு மீட்டருக்கு ஒன்றாவது இருக்கட்டும், நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். கான்கிரீட் கொட்டும் நேரத்தில் ஒருவர் இதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது வீண் செலவில்லை.

சிமெண்ட்டில் பசுமையான தேர்வு அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்ட். சிமெண்ட்டின் கார்பன் சுமையில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிளிங்கர் செய்வதில் வருகிறது. கலப்பு சிமெண்ட்டில் அந்தக் கிளிங்கர் குறைவு. ஆனால் இது மெதுவாக வலுவேறும் என்பதை மறந்தால் வம்பு. சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும் என்றால் இதற்கு 10 முதல் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். முட்டு பிரிப்பதற்கு வழக்கமான குறைந்தபட்சம்: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. கலப்பு சிமெண்ட்டுக்கு இதற்கு மேலும் சில நாள் கேட்டு எழுதி வாங்குங்கள். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்ற பேச்சுக்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் அளவுதான் அடிக்கடி கெடும் இடம். 50 கிலோ மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. தள்ள வசதியாக இருக்கும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் வலு குறையும், வெடிப்பும் வரும். 150 மி.மீ. கனசதுர மாதிரிகள் ஆறு எடுக்கச் சொல்லுங்கள்: மூன்றை 7ஆம் நாள், மூன்றை 28ஆம் நாள் சோதிக்க வேண்டும். சாதாரண சிமெண்ட்டில் 7ஆம் நாள் வலு, 28ஆம் நாள் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும்.

கான்கிரீட் லாரி வருவதற்கு முன் கடைசியாக, விசிறிப் பெட்டிகள், மின்குழாய்கள், சோலார் வயர் இறங்கும் குழாய், மழைநீர்க் குழாய் வழி எல்லாவற்றையும் அளவு டேப் தெரியும்படி படம் எடுங்கள். டேப் இல்லாத படத்தை வைத்துப் பின்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

5. சுவர்

எந்தக் கல்லானாலும் முதல் கேள்வி, எப்போது வார்த்தது? அழுத்திச் செய்த மண் கட்டிகளில் வழக்கமாக 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் இருக்கும். அவை முதல் சில வாரங்கள் ஈரமாக ஆற, மொத்தம் 28 நாளுக்குப் பிறகுதான் சுவருக்கு வர வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் தேதி எழுதச் சொல்லுங்கள். சாம்பல் கல்லும் அப்படித்தான். பச்சையாகக் கட்டிய கல் சுவரில் சுருங்கும், வெடிப்பு விழும்.

காற்றடைத்த இலகு கான்கிரீட் கட்டியின் எடை கனமீட்டருக்கு 550 முதல் 650 கிலோ, செங்கல்லில் பாதிக்கும் குறைவு. வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதற்கென்றே உள்ள ஒட்டும் கலவையில் 3 மி.மீ. இணைப்பாகக் கட்ட வேண்டும். கொத்தனார் பழக்கத்தில் சாதாரணக் கலவையைக் கனமாக வைத்தால் பாதிப் பலன் போய்விடும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வலை அடித்தபிறகே பூச வேண்டும்.

எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி உள்ளே இடம் விட்டுக் கட்டும் முறை, செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கை மிச்சப்படுத்தும், நடுவில் காற்றிடைவெளியும் கிடைக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் எடுங்கள். ஜன்னல் ஓரம், பேஸ்மட்டத்துக்கு மேல், லிண்டலுக்குக் கீழ் ஆகிய வரிசைகளை இடைவெளி இல்லாத நிறை கட்டாகவே வைக்க வேண்டும். மின்குழாய்களைக் கட்டும்போதே உள்ளே விட வேண்டும். பின்னால் சுவரை வெட்டிக் காடி எடுக்கக்கூடாது.

மற்ற சுவர்களிலும் காடி சுவர்க் கனத்தில் நெடுக்காக மூன்றில் ஒரு பங்கு, படுக்கையாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. எந்தச் சுவரையும் ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

6. தண்ணீர்க் குழாய்கள்

குடிநீர், கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் மழைநீர் அல்லது மறுபயன்பாட்டு நீர், குளியல் மற்றும் துணி துவைத்த நீர், கழிப்பறைக் கழிவு ஆகிய நான்கும் நான்கு வழி. நான்குக்கும் வேறு வேறு நிறம் அல்லது பட்டை. சமையலறைத் தொட்டி நீரில் எண்ணெய் இருப்பதால், எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் அதைக் குளியல் நீரோடு சேர்க்காதீர்கள். குளியல் நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் அழுகி நாற்றம் எடுக்கும். பெரிய சேமிப்புத் தொட்டியை விட, வந்ததும் வடிகட்டி வேருக்கு அனுப்பும் ஏற்பாடே நடைமுறையில் நிலைக்கிறது.

தண்ணீர்க் குழாயை வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதியுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கக்கூடாது. பூச்சும் டைல்ஸும் நடக்கும் நாட்களில் குழாயில் அழுத்தத்தை அப்படியே விட்டு வையுங்கள். யாராவது ஆணியோ துளையோ போட்டுவிட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். 100 மி.மீ. கழிவுக்குழாய்க்கு 40 முதல் 60 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவு. குளியலறைத் தளத்தில் குழாய்களுக்காக விட்ட பள்ளத்தை நிரப்புவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்த்தளத்தின் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

குடிநீரும் கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் நீரும் எங்காவது கலந்திருக்கிறதா என்று பார்க்க வழி ஒன்று உண்டு. குடிநீர் வால்வை மூடிவிட்டு எல்லாக் குழாயையும் திறங்கள். கழிப்பறைத் தொட்டிகள் மட்டும்தான் நிரம்ப வேண்டும். சமையலறைக் குழாயில் தொடர்ந்து தண்ணீர் வந்தால் எங்கோ தவறாக இணைத்திருக்கிறார்கள்.

மழைநீர்க் கணக்கு சுலபம்: 100 சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை என்றால் 100 லிட்டர். கான்கிரீட் மாடியில் 80 முதல் 85 சதவீதம் கைக்கு வரும். முதல் 1 முதல் 2 மி.மீ. மழையில் தூசியும் பறவை எச்சமும் வருவதால் அந்த 100 முதல் 200 லிட்டரைத் தனியே வெளியேற்றும் குழாய் வேண்டும். வடிகட்டியை ஏணி இல்லாமல் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். எட்டாத வடிகட்டியை யாரும் கழுவுவதில்லை. உபரி நீர் இறங்கும் குழி கடைக்காலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

7. மொட்டைமாடி

பசுமை வீட்டின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான். வரிசை இது: கான்கிரீட் தளம், சோலார் தாங்கிகளின் அடிக்கட்டை, 100க்கு 1 சரிவு, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் உருட்டிப் பூசிய வளைவு, நீர்க்காப்பு, தண்ணீர் நிறுத்திச் சோதனை, வெப்பக்காப்புப் பலகை, அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு, வெள்ளை ஓடு.

அதிகம் நடக்கும் தவறு, எல்லாம் முடிந்தபின் சோலார் ஆட்கள் வந்து துளை போடுவது. ஒவ்வொரு துளையும் நீர்க்காப்பைக் கிழித்துக்கொண்டுதான் போகும். அடிக்கட்டைகளை முதலில் கட்டி, நீர்க்காப்பை அவற்றின் மேலும் ஏற்றிப் பூசிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இதற்குச் சோலார் நிறுவனம் தாங்கிகளின் இடத்தைத் தளம் போடும் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

நீர்ச் சோதனை 48 முதல் 72 மணி நேரம். வெப்பக்காப்பு வைப்பதற்கு முன் செய்ய வேண்டும், பின்பு அல்ல. பலகைக்கு அடியில் ஒழுகினால் தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து வேறோர் இடத்தில் சொட்டும். வெப்பக்காப்பைச் செலவு குறைக்கக் கீழே ஃபால்ஸ் சீலிங்கில் வைக்கலாம் என்று சொல்வார்கள். அப்படி வைத்தால் பகல் முழுவதும் கான்கிரீட் சூடேறி இரவில் அந்த வெப்பத்தைக் கீழே விடும், தளமும் விரிந்து சுருங்கி வெடிக்கும். மேலே வைத்தால் கான்கிரீட்டே சூடாகாது. 50 மி.மீ.யை இரண்டு 25 மி.மீ. பலகைகளாகப் போட்டால் இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் மாற்றிப் போடுங்கள்.

நீர் வெளியேறும் வாய் எவ்வளவு சிறிய மாடியானாலும் இரண்டு வேண்டும்.

8. ஜன்னலும் மின்சாரமும்

ஜன்னல் செய்து வரச் சில வாரங்கள் ஆகும். அதனால் வரைபடத்தைப் பார்த்தே அளவு கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது; வேண்டாம். திறப்பு முடிந்தபின் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுங்கள். கண்ணாடி எவ்வளவு சூரிய வெப்பத்தை உள்ளே விடும் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. வெப்பமான ஊரின் மேற்கு ஜன்னலுக்கு அது 0.3ஐ ஒட்டி இருக்கட்டும். குளிரான ஊரில் வெயில் வேண்டிய பக்கத்துக்கு அதே கண்ணாடியைப் போட்டால் வெப்பச் செலவு ஏறும்.

சோலாரின் நேர்மின் வயருக்கும் வீட்டு மாறுமின் வயருக்கும் தனித்தனிக் குழாய். இன்வெர்ட்டர் வெயில் படாத, காற்றோட்டமான சுவரில். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு துண்டிப்பான் கட்டாயம். மின்வாரிய இணைப்புக்கான விண்ணப்பத்தைப் பேனல் ஏறிய பிறகு கொடுத்தால் பேனல் சும்மா காயும். சுவர் எழும்பும்போதே தேவையான ஆவணப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

9. பூச்சும் பெயின்டும்

அவசரப்படாதீர்கள், அவ்வளவுதான். பூச்சு ஏறக்குறைய 28 நாள் காயாமல் பெயின்ட் அடித்தால் கொப்புளமாக உரியும். நச்சு ஆவி குறைந்த பெயின்ட் என்று வாங்கும்போது, கடையில் கலக்கும் நிறமியும் அப்படிப்பட்டதா என்று கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அது மூச்சுவிடும் தன்மையை இழந்துவிடும். சுண்ணாம்பு வண்ணமே போதும்.

10. சாவி வாங்கும் நாள்

கடைசித் தவணைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: முடிந்த நிலையில் வரைந்த குழாய், மின் வரைபடங்கள், மண் மற்றும் கான்கிரீட் சோதனை அறிக்கைகள், கம்பிச் சான்றுகள், நீர்க்காப்பு, பேனல், இன்வெர்ட்டர், ஜன்னல் உத்தரவாதங்கள் உங்கள் பெயரில், கட்டி முடித்த சான்று, நீங்கள் எடுத்த படங்கள். பேனலின் வரிசை எண்கள் சான்றில் உள்ளவைதானா என்று மாடியிலேயே நின்று ஒப்பிடுங்கள்.

நிறுத்தி வைத்த பணத்தை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்த பிறகு விடுவியுங்கள். கோடை உச்சத்தில் மாலை ஆறு மணிக்கு மேல்மாடி அறைக் கூரையின் அடியைக் கையால் தொட்டுப் பாருங்கள்; ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே பலகை விடுபட்டிருக்கலாம். முதல் கனமழைக்குப் பிறகு கைப்பிடிச் சுவர் ஓரம், பேனல் அடிக்கட்டைகளுக்கு நேர் கீழே, ஜன்னல் அடிக்கட்டை மூன்றிலும் ஈரம் தேடுங்கள். குறை இருந்தால் படத்தோடு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்த பின் அதே இடத்தில் மீண்டும் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுக் காசோலை கொடுங்கள்.